மரத்தில் முட்டை ஸ்டாண்ட்: பினாங்கில் முதன்முறை செய்பவர்களுக்கு

பன்னிரண்டு முட்டை நிற்கிற ஒரு சின்னப் பலகை. அதைச் செய்து முடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. கையால் செய்த வேலை என்று பார்த்தால் ஐந்தாறு மணி நேரம்தான். மீதி நாட்களெல்லாம் தவறான அளவில் பிட் (டிரில்லில் மாட்டும் துளையிடும் முனை) வாங்கியதிலும், பலகை வளைந்துபோனதிலும், ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்த மரக்கடை வாசலில் நின்றதிலும் போயின. இரண்டு பலகை வீணானது. குளுகோரில் பதினோராவது மாடியில் இருக்கிறது எங்கள் வீடு. பட்டறை கிடையாது, மரவேலை தெரிந்தவர்களும் கிடையாது. உங்கள் வீடும் அப்படித்தான் என்றால், நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாம் செய்யப்போவது மிக எளிய வடிவம்: ஒரே பலகை, அதில் இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு துளை, அடியில் இரண்டு கட்டை. அவ்வளவுதான். இரண்டடுக்கு, கைப்பிடி, மூடி எல்லாம் இரண்டாவது முறை செய்யும்போது யோசித்துக்கொள்ளலாம்.

1. பலகைக்கு முன்னால் முட்டையை அளந்துவிடுங்கள்

எல்லோரும் பலகையில் ஆரம்பிக்கிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எங்கோ பார்த்த ஒரு வரைபடத்தில் 44 மி.மீ. துளை என்று போட்டிருந்தது. அதே அளவில் ஹோல் சா (வட்டமாக வெட்டும் ரம்பம்) வாங்கி, பன்னிரண்டு துளையும் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, எண்ணெயும் பூசிவிட்டேன். முட்டையை வைத்தபோது நான்கு முட்டை நேராகக் கீழே போய்விட்டது. மற்றவை கழுத்தளவு இறங்கிச் சிக்கிக்கொண்டன. இழுத்து எடுத்ததில் மேலும் இரண்டு உடைந்தன. அந்தப் பலகையை ஒன்றும் செய்ய முடியவில்லை. துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க வழியில்லை.

நம் ஊரில் முட்டைக்குத் தரம் எடையை வைத்துத்தான். ஏஏ என்றால் 70 கிராமும் அதற்கு மேலும், ஏ என்றால் 65 முதல் 70 வரை, பி 60 முதல் 65, சி 55 முதல் 60. தட்டின் மேல் எழுதியிருப்பது இந்த எடைதான். அகலம் எங்கும் எழுதியிருக்காது. நமக்கு வேண்டியதோ அகலம்.

அளக்க ஒரு நூல் போதும். முட்டையின் பருத்த இடத்தைச் சுற்றி நூலைப் பிடித்து, அந்த நீளத்தை ரூலரில் வைத்துப் பாருங்கள். அதை 3.14-ஆல் வகுத்தால் அகலம் வந்துவிடும். நூல் 138 மி.மீ. வந்தால் முட்டை சுமார் 44 மி.மீ. அகலம். நான் எங்கள் வீட்டில் வாங்கும் முட்டைகளை ஒரு மாதம் அளந்தேன். ஏ தரம் 44, 45 வந்தது. சி தரம் 42. கம்போங் கோழி முட்டை 38, 39 தான். வாத்து முட்டை, அதாவது உப்பு முட்டைக்கு வாங்குவது, 47 வரை போனது.

இதில் கவனிக்க வேண்டியது பெரிய முட்டையை இல்லை, சிறியதை. துளை உங்கள் வீட்டில் வரும் மிகச் சிறிய முட்டையைவிட மூன்று நான்கு மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். பெரிய முட்டை சின்னத் துளையில் கொஞ்சம் மேலே உட்காரும், பரவாயில்லை. சின்ன முட்டை பெரிய துளையில் போனால் சிக்கும், இல்லையென்றால் விழும்.

மரத்தில் கை வைப்பதற்கு முன் அட்டையில் சோதித்துப் பாருங்கள். பிஸ்கட் பெட்டி அட்டையில் காம்பஸ் வைத்து 35, 38, 40 என்று மூன்று வட்டம் வெட்டி, இரண்டு டம்ளருக்கு நடுவில் அட்டையை வைத்து, அவித்த முட்டையை ஒவ்வொன்றிலும் நிறுத்துங்கள். கூர்முனை கீழே இருக்கட்டும். பத்து நிமிட வேலை. இதை முதலிலேயே செய்திருந்தால் எனக்கு மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

2. ஏன் 35 மி.மீ.

என் அட்டைச் சோதனையில் எல்லா முட்டையும் பதறாமல் நின்றது 35-இல்தான். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. சமையலறை கேபினெட் கதவுகளில் உள்ளே மறைந்திருக்கும் கீலுக்குப் போடும் குழி 35 மி.மீ. அதனால் அந்த அளவு ஃபோஸ்ட்னர் பிட் (நடுவில் சின்ன முனையோடு அகலமான வட்டத் துளை போடும் பிட்) எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும், விலையும் மலிவு. 38, 40 கேட்டால் பல கடைகளில் இல்லை என்பார்கள், ஆன்லைனில் வரவழைத்துக் காத்திருக்க வேண்டும். கடையில் 35 என்று சொல்லிப் புரியாவிட்டால் "மாத்தா டிரில் எங்செல் காபினெட்" என்று கேளுங்கள், உடனே எடுத்துக் கொடுப்பார்கள்.

அந்தப் பிட்டில் சில நேரம் ஒரு வளையம் மாட்டியிருக்கும். கீலுக்குக் குழி மட்டும் போட, அதற்கு மேல் இறங்காமல் தடுக்கும் வளையம் அது. நமக்குத் துளை முழுவதும் ஊடுருவ வேண்டும். சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி வளையத்தைக் கழற்றிவிடுங்கள். கழற்றவே முடியாத வகையாக இருந்தால் வாங்காதீர்கள்.

ஹோல் சா வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். விலை குறைவுதான், ஆனால் துளையின் உட்புறம் கரடுமுரடாக வருகிறது, வெட்டிய வட்டத் துண்டு உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. பன்னிரண்டு தடவை அதைக் குத்தி எடுப்பது பெரிய வேலை.

3. பலகை வாங்குவது

வேண்டிய அளவு: 375 மி.மீ. நீளம், 135 மி.மீ. அகலம், 18 மி.மீ. கனம், ஒன்று. அதே கனத்தில் 135-க்கு 30 மி.மீ. கட்டை, இரண்டு. இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் அங்குலமும் மில்லியும் குழம்பும்.

மரம் என்றால் என் முதல் தேர்வு ரப்பர் மரம். கடையில் "காயு கெத்தா". துண்டுகளை விரல் கோத்ததுபோல இணைத்துப் பலகையாக வரும், வெளிர் நிறம், வாசனை இல்லை, உணவுப் பொருள் பக்கத்தில் வைக்க நன்றாக இருக்கும். மெராந்தியும் சரி, துளையிட இன்னும் எளிது, ஆனால் சிலாம்பு அதிகம். ஜெலுத்தோங் மரம் கிடைத்தால் விடாதீர்கள். நம் ஜெலுத்தோங் வட்டாரத்தின் பெயரும் இந்த மரத்தின் பெயரும் ஒன்றுதான். பென்சிலுக்கும் செதுக்கு வேலைக்கும் போகும் மென்மையான மரம், துளை வெண்ணெயில் போவது போலப் போகும். ஆனால் சில்லறையாகக் கிடைப்பது அரிது.

வேண்டாதவை: எம்டிஎஃப், சிப்போர்ட் போன்ற மரத்தூளை ஒட்டிச் செய்த பலகைகள். சமையலறை ஈரத்தில் ஊதிப்போகும். பிளைவுட்டில் துளையின் விளிம்பு பிய்ந்து பிய்ந்து வரும்.

பேலட் மரம், அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டு, சும்மா கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பக்கம் போனால் அடுக்கடுக்காகக் கிடக்கும். அனுமதி கேட்டு எடுப்பதாக இருந்தால் முதலில் அதில் சூடு போட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்டி (HT) என்ற எழுத்து இருந்தால் மரத்தின் உள்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது. எம்பி (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயு அடித்தது, அதைத் தொடவே வேண்டாம். எச்டி இருந்தாலும் அந்தப் பேலட்டின் மேல் என்ன ரசாயனம் கொட்டியது என்று முத்திரை சொல்லாது. அதனால் முட்டை வைக்கும் பலகைக்கு நான் பேலட்டைச் சிபாரிசு செய்யமாட்டேன். எட்டு ரிங்கிட் மிச்சம் பிடிக்க அந்தக் கவலை தேவையில்லை.

மரக்கடையில் முழுப் பலகை வாங்காதீர்கள். வெட்டி மிஞ்சிய துண்டு ஒரு மூலையில் கிடக்கும். "தவுக்கே, காயு லெபே அடா? தெபால் லாப்பான் பெலாஸ் மிலி" என்று கேட்டால் காட்டுவார்கள். எடுத்த துண்டை "தோலோங் போத்தோங்" என்று உங்கள் தாளை நீட்டினால் அங்கேயே வெட்டித் தருவார்கள். இது முக்கியம். வீட்டில் கைரம்பத்தில் நேராக வெட்டுவது புதியவர்களால் ஆகாத காரியம். நான் கொடுத்தது பலகைக்கு எட்டு ரிங்கிட், வெட்டுக்கூலி வாங்கவில்லை.

வாங்கும் முன் மூன்று சோதனை. பலகையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பாருங்கள், வளைவு தெரியும். ஊசிமுனை அளவு ஓட்டைகளும் அதைச் சுற்றி மாவு போன்ற தூளும் இருக்கிறதா பாருங்கள். அது புபோக், மரத்தைத் துளைக்கும் வண்டு. ரப்பர் மரத்தில் மருந்தில் ஊறவைக்காத துண்டு வந்தால் இது நிச்சயம். மூன்றாவது, நீலச் சாம்பல் கறை. அது பூஞ்சை.

பெரும்பாலான மரக்கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. சீனப் புத்தாண்டை ஒட்டிப் பல நாள் மூடியிருப்பார்கள். சனிக்கிழமை காலையில் போவதுதான் நல்லது, மத்தியானத்துக்குப் பிறகு வெட்டும் ஆள் இருக்கமாட்டார்.

வாங்கி வந்த பலகையை உடனே துளைக்க வேண்டாம். வீட்டுக்குள், சுவரில் சாய்க்காமல், இரண்டு குச்சியின் மேல் படுக்க வைத்து ஒரு வாரம் விடுங்கள். நான் என் இரண்டாவது பலகையை செப்டம்பர் மழையில் வாங்கி அன்றைக்கே வேலையை முடித்தேன். பத்தாம் நாள் ஒரு மூலை தூக்கிக்கொண்டது. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் நல்ல மழை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காய்ந்த மாதங்கள், முடிந்தால் அப்போது செய்யுங்கள்.

4. கருவியும் செலவும் ரசீதும்

நான் மூன்றாவது முறை, அதாவது சரியாக வந்த முறை, செலவழித்தது இவ்வளவு: பலகை 8 ரிங்கிட், 35 மி.மீ. பிட் 14, உப்புத்தாள் மூன்று வகையில் 5, மரப்பசை 5, துருப்பிடிக்காத ஸ்க்ரூ 3, இரண்டு கிளாம்ப் (பலகையை மேசையோடு இறுக்கும் பிடி) 16, எண்ணெய் 8. மொத்தம் 59 ரிங்கிட். டிரில் இதில் சேரவில்லை. உங்கள் கடையில் இரண்டு மூன்று ரிங்கிட் முன்பின் இருக்கலாம்.

டிரில் இல்லாதவர்கள் இதற்காக வாங்க வேண்டாம். அண்ணன், தம்பி, மச்சான், பக்கத்து வீடு என்று யாரிடமாவது ஒன்று இருக்கும். இரவல் வாங்குங்கள். வாங்கியே தீருவது என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். ஆன்லைனில் மலிவாக வருபவற்றில் சார்ஜருக்கு இரண்டு பின் பிளக் இருக்கும், நம் வீட்டு மூன்று பின் சாக்கெட்டில் நேராகப் போகாது. குச்சியைச் செருகி அதை மாட்டுகிற பழக்கம் ஆபத்தானது. சார்ஜரில் சிரிம் (மலேசியத் தரச்சான்று அமைப்பு) முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். பிட்டின் முனை வளைந்திருந்தால் மாற்றிக்கொள்ள ரசீது கேட்பார்கள், அதுவும் சில கடைகளில் ஏழு நாளுக்குள். நம் கடைகளில் தரும் ரசீதின் எழுத்து சில மாதத்தில் அழிந்துவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். டிரில் புதிதாக வாங்கினால் வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போட்டுக்கொண்டு வாருங்கள். முத்திரை இல்லாத அட்டையால் பயனில்லை.

5. அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதைப் படிக்காமல் டிரில்லை எடுக்க வேண்டாம்

நான் முதல் பலகையை ஒரு ஞாயிறு பிற்பகல் துளைத்தேன். நான்காவது துளையில் கதவு தட்டப்பட்டது, காவலர் நின்றார். கீழ் வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறதாம். சுவரில் துளை போடவில்லை, மேசை மேல் பலகையில்தான் போடுகிறேன் என்று விளக்கினேன். சத்தம் சத்தம்தான் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. மேசைக் கால் வழியாக அதிர்வு தரைக்கு இறங்கி, கீழ் வீட்டுக்கு நம்மைவிட அதிகமாகக் கேட்கிறது.

ஸ்ட்ராட்டா கட்டடங்களுக்கான, அதாவது வீடுகள் தனித்தனியாகச் சொந்தமான அடுக்குமாடிகளுக்கான, 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளில் மற்றவர்களுக்குத் தொல்லை தரக்கூடாது என்று பொதுவாக இருக்கிறது. துளை போடும் நேரத்தை ஒவ்வொரு கட்டடமும் தன் வீட்டு விதிகளில் தனியாக எழுதிவைத்திருக்கும். எங்கள் கட்டடத்தில் வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை, சனிக்கிழமை பிற்பகல் 1 வரை. ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. நிர்வாக அலுவலகத்தில் அந்தத் தாளின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்குப் புதுப்பிப்பு வேலைக்கான படிவமோ முன்பணமோ எங்களிடம் கேட்கவில்லை. இருந்தாலும் வாட்ஸாப்பில் "சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு மணி நேரம் டிரில் சத்தம் வரும்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டேன், அதை எடுத்தும் வைத்தேன். கீழ் வீட்டு அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன். "பத்து மணியா? சரி, நான் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு மார்க்கெட் போய்ட்டு வந்துடறேன்" என்றார். பிரச்சினை முடிந்தது.

மேசைக்கடியில் பழைய யோகா பாயோ மடித்த கம்பளியோ போட்டால் அதிர்வு நன்றாகக் குறையும்.

6. கோடு போடுதல்

பலகையின் நீளவாக்கில், இரண்டு விளிம்பிலிருந்தும் 40 மி.மீ. தள்ளி ஒவ்வொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே 55 மி.மீ. இருக்க வேண்டும். இல்லையென்றால் பலகையின் அகலம் 135 இல்லை என்று அர்த்தம், அப்போது மிச்சத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பிறகு குறுக்கே: ஒரு முனையிலிருந்து 50 மி.மீ.-இல் முதல் புள்ளி, அதிலிருந்து 55, 55 என்று தள்ளி மொத்தம் ஆறு புள்ளி. அதாவது 50, 105, 160, 215, 270, 325. ரூலரை நகர்த்தி நகர்த்தி அளக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் அரை மி.மீ. ஓடிவிடும். ரூலரை ஒரே இடத்தில் வைத்து ஆறு எண்ணையும் ஒரே மூச்சில் குறியுங்கள்.

ஏன் 55 என்றால், ஏ தர முட்டை 45 இருக்கும், நடுவில் விரல் போக 10 மி.மீ. வேண்டும். 50-இல் செய்தால் முட்டைகள் ஒன்றையொன்று தொடாது, ஆனால் எடுக்கும்போது பக்கத்து முட்டையில் விரல் இடிக்கும்.

ஒவ்வொரு புள்ளியிலும் ஆணியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. அந்தச் சின்னக் குழியில்தான் பிட்டின் முனை உட்காரும். குழி இல்லாவிட்டால் பிட் நழுவி ஓடும்.

7. துளையிடுதல்

இதுதான் உண்மையான வேலை. ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டு ஆரம்பியுங்கள், சமையலுக்கு நடுவே செய்ய வேண்டாம்.

முதலில் உங்களைத் தயார்படுத்துங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம். துப்பட்டா, தொங்கும் சங்கிலி, தளர்ந்த சட்டைக்கை, விரித்த முடி எதுவும் கூடாது. கையுறை போடாதீர்கள், சுற்றும் பிட் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். வெறுங்கைதான் பாதுகாப்பு.

பலகைக்கு அடியில் ஒரு கழிவுப் பலகை வையுங்கள். இரண்டையும் சேர்த்து மேசையோடு கிளாம்பில் இறுக்குங்கள். ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துளைக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். 35 மி.மீ. பிட் மரத்தில் மாட்டினால் பலகையே காற்றாடிபோலச் சுற்றும்.

டிரில்லில் மேலே உள்ள சுவிட்சைக் கியர் 1-க்குத் தள்ளுங்கள். வேகம் குறையும், பலம் கூடும். நமக்குப் பலம்தான் தேவை. சுத்தியல் படம் போட்ட நிலையில் இருந்தால் மாற்றிவிடுங்கள், அது சிமெண்டுச் சுவருக்கானது. மரத்தில் அதைப் போட்டால் விளிம்பு சிதறும். இந்தத் தவற்றைச் செய்யாதவர்கள் குறைவு, ஏனென்றால் வீட்டில் கடைசியாக டிரில் எடுத்தது சுவரில் படம் மாட்டத்தான் இருந்திருக்கும்.

பிட்டைக் குழியில் வைத்து, டிரில்லை நேர்செங்குத்தாகப் பிடித்து மெதுவாக ஆரம்பியுங்கள். எதிரே ஒருவரை நிற்கவைத்து டிரில் சாய்கிறதா என்று பார்க்கச் சொன்னால் நல்லது. எனக்கு என் மகள் பார்த்துச் சொன்னாள். ஐந்து மி.மீ. இறங்கியதும் பிட்டை வெளியே இழுத்துச் சுருள்தூளை உதறுங்கள், மறுபடி இறக்குங்கள். புகை வந்தாலோ கருகிய வாசம் வந்தாலோ அழுத்துவதை நிறுத்துங்கள். வேகம் அதிகம், இல்லையென்றால் பிட் மொட்டை.

இப்போது சொல்வதை மட்டும் மறக்காதீர்கள். அடிப்பக்கம் பிட்டின் நடுமுனை ஊசிபோல வெளியே வந்து கழிவுப் பலகையைத் தொட்டதும் நிறுத்துங்கள். பலகையைத் திருப்பிப் போட்டு, அந்த ஊசித்துளையில் முனையை வைத்து மறுபக்கத்திலிருந்து முடியுங்கள். ஒரே பக்கத்திலிருந்து முழுவதும் துளைத்தால் அடிப்பக்கம் பெரிய சிலாம்பாகப் பிய்ந்து வரும். எல்லாத் துளையையும் மேல்பக்கமிருந்து முதலில் போட்டுவிட்டு, ஒரே தடவை திருப்பினால் கிளாம்பைத் திரும்பத் திரும்பக் கழற்ற வேண்டியதில்லை.

12 வோல்ட் டிரில்லாக இருந்தால் மூன்று துளைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். எங்களுடையதில் ஒன்பதாவது துளையில் பேட்டரி தீர்ந்தது. முழுச் சார்ஜ் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

8. டிரில்லே வேண்டாம் என்றால்

கேபினெட் செய்யும் கடைக்குப் பலகையைக் கோடு போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கீல் குழிக்காக அங்கே 35 மி.மீ. பிட் மாட்டிய நின்ற இயந்திரம் தயாராக இருக்கும். துளைக்கு ஒரு ரிங்கிட் என்று என் தோழிக்குப் பன்னிரண்டு ரிங்கிட்டில் போட்டுக் கொடுத்தார்கள். பதினைந்து நிமிடம் ஆனதாம், துளை எல்லாம் அச்சில் வார்த்ததுபோல இருந்தது. உள்ளபடி சொன்னால் இரண்டாவது ஸ்டாண்டுக்கு நானும் இந்த வழியைத்தான் எடுப்பேன்.

துளையே இல்லாத வழியும் உண்டு. 20-க்கு 20 மி.மீ. மரச்சட்டம் இரண்டை 30 மி.மீ. இடைவெளி விட்டு இணையாக, இரண்டு முனையிலும் குறுக்குக் கட்டை வைத்து ஒட்டினால் முட்டைகள் அதன்மேல் படுத்திருக்கும். கைரம்பமும் பசையும் போதும். பிள்ளைகளோடு செய்ய இது நல்லது.

9. உப்புத்தாள்

கடையில் "கெர்தாஸ் பாசிர்" என்று கேட்டு 80, 120, 240 மூன்றும் வாங்குங்கள். எண் கூடக் கூட நைஸாகும். மேல்பரப்பை மர ஓட்டத்தின் திசையிலேயே தேயுங்கள், குறுக்கே தேய்த்தால் எண்ணெய் பூசியதும் கீறல் எல்லாம் தெரியும்.

துளையின் மேல் விளிம்புக்கு அதிக நேரம் கொடுங்கள். பிட் விட்டுப்போன விளிம்பு கத்திபோல இருக்கும், முட்டையின் முழு எடையும் அந்த மெல்லிய விளிம்பில்தான் உட்காரும். விளக்குமாற்றுக் குச்சியில் 120 தாளைச் சுற்றி, சாய்வாகப் பிடித்து, துளையைச் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். இரண்டு மி.மீ. அகலத்துக்குச் சரிவு வர வேண்டும். ஒரு துளைக்கு மூன்று நிமிடம் ஆகும்.

முடிந்ததும் பலகையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். மரநார் எழுந்து சொரசொரப்பாகும். அதை 240-ஆல் மெல்லத் தேய்த்துவிட்டால் பிறகு ஈரம் பட்டாலும் எழாது.

10. அடிக்கட்டை

இரண்டு கட்டையையும் பலகையின் இரு முனையிலும் அடியில், 30 மி.மீ. பக்கம் உயரமாக நிற்கும்படி குறுக்கே வைக்க வேண்டும். மேலிருந்து ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு ஸ்க்ரூ, 4 மி.மீ. தடிமன், 38 மி.மீ. நீளம். முன்துளை போடாமல் ஸ்க்ரூவை ஏற்றாதீர்கள், ரப்பர் மரம் வெடிக்கும். பலகையில் 4 மி.மீ., கட்டையில் 2.5 மி.மீ. துளை.

பசையைக் கட்டையின் நடுவில் மட்டும், ஒரு விரல் நீளத்துக்குத் தடவுங்கள். பலகை மழைக்கும் வெயிலுக்கும் அகலவாக்கில் சற்றே விரியும், சுருங்கும். கட்டை நீளவாக்கில் அசையாது. முழுக்க ஒட்டினால் ஒருநாள் பலகை பிளக்கும். பசை ஒரு மணி நேரத்தில் பிடித்ததுபோல இருக்கும், ஆனால் முழு நாள் கிளாம்பில் விடுங்கள்.

சாதா இரும்பு ஸ்க்ரூ வேண்டாம். கடல்காற்று அடிக்கிற ஊரில், சமையலறை ஆவியில், ஆறு மாதத்தில் துருக்கறை மரத்தில் இறங்கிவிடும்.

11. எண்ணெய்: நம் வீட்டில் செய்யும் தவறு

தேங்காய் எண்ணெய் தடவினேன். எல்லோரும் அதைத்தான் முதலில் நினைப்போம், என் மாமியாரும் அதைத்தான் சொன்னார். நான்கு வாரத்தில் பலகை பிசுபிசுத்தது, சிக்கு வாடை வந்தது. நல்லெண்ணெயும் இப்படித்தான். சமையல் எண்ணெய் மரத்துக்குள் காயாமல் நின்று கெட்டுப்போகும். முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன, பக்கத்திலிருக்கும் வாடை உள்ளே இறங்கும். அதே காரணத்துக்காக வார்னிஷும் வேண்டாம்.

மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் என்று கேளுங்கள். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் அதே திரவம். நிறம், வாடை எதுவும் இல்லை, கெட்டுப்போகாது. சின்னப் புட்டி எட்டு ரிங்கிட். பருத்தித் துணியில் ஊற்றி எல்லாப் பக்கமும், துளையின் உட்புறமும் தடவி, இருபது நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். மறுநாள் இன்னொருமுறை. பிறகு இரண்டு நாள் காற்றோட்டத்தில் வைத்துவிட்டு முட்டை வையுங்கள்.

யாராவது ஆளிவிதை எண்ணெயைச் சொன்னால், அது நன்றாகத்தான் காயும். ஆனால் அந்த எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். துணியை விரித்துக் காயவைக்கவோ தண்ணீரில் மூழ்கவைக்கவோ வேண்டும். அடுக்குமாடிக் குடும்பங்களுக்கு இந்த ஆபத்து எதற்கு.

12. முட்டை வைக்கும்போது

முதல் நாள் அவித்த முட்டை பன்னிரண்டு வைத்துப் பாருங்கள். ஆடுகிற துளை இருந்தால் அங்கே விளிம்பு சீராக இல்லை, மறுபடி தேயுங்கள்.

கூர்முனை கீழே, பருத்த முனை மேலே. காற்றறை பருத்த முனையில் இருக்கிறது, அது மேலே இருந்தால் மஞ்சள் கரு நடுவிலேயே நிற்கும். வாங்கி வந்த முட்டையைக் கழுவி வைக்காதீர்கள், ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விடும். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

நம் வெயிலுக்கு ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும் அளவை மட்டும் வெளியே ஸ்டாண்டில் வையுங்கள், மீதி குளிர்பெட்டியில் இருக்கட்டும். ஒருமுறை குளிர்ந்த முட்டையை வெளியே எடுத்து வைத்தால் வியர்க்கும், அந்த ஈரம் கிருமிக்கு வழி. அதனால் குளிர்பெட்டியில் வைத்ததை ஸ்டாண்டுக்கு மாற்றாதீர்கள், வெளியே வைத்ததை வெளியிலேயே தீர்த்துவிடுங்கள். அடுப்புக்கும் ஜன்னல் வெயிலுக்கும் தள்ளி வையுங்கள். ஸ்டாண்டையே குளிர்பெட்டிக்குள் வைக்க நினைத்தால், பலகை வெட்டும் முன் தட்டின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். எங்கள் குளிர்பெட்டியில் 375 மி.மீ. பலகை நேராகப் போகவில்லை, குறுக்கே வைத்தால்தான் கதவு மூடியது.

முட்டை உடைந்து பலகையில் வழிந்தால் உடனே சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிறுத்திவைத்துக் காயவிடுங்கள். தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எண்ணெய் தடவினால் போதும். புட்டியில் மிச்சம் நிறைய இருக்கும், சப்பாத்திக்கட்டைக்கும் காய் வெட்டும் பலகைக்கும் அதையே தடவலாம்.